வருகை: ஒருவர் குறைவு

நவம்பர் 14

பள்ளி ஆண்டு விழா முடிந்தது. முடிந்தது என்பதைவிட, நின்றுபோனது என்று எழுதுவதே சரி.

போட்டிருந்த நாற்காலிகளில் பாதிக்கு மேல் ஆள் இல்லை. சிறப்பு விருந்தினர் மேடையில் உட்கார்ந்து காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தேனீ வேடம் போட்ட பிள்ளைகள் ஆடி முடித்தபோது வந்த கைதட்டல், தகரக் கூரையில் நாலைந்து கல் விழுந்த மாதிரி இருந்தது.

காரணம் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ரூபி. அதாவது, ரூபி எழுதும் பலகை. வடிவின் பள்ளியில் கேட்டுக்கு உட்புறம் ஒரு கரும்பலகை நிற்கிறது. ரூபி காலையில் வந்ததும் அதில் தேதியை எழுதுவாள். அதன் கீழே வானம் எப்படி என்று எழுதுவாள். முதல் மணி அடித்த பிறகு பிள்ளைகள் வருகையை எழுதுவாள். கம்பிக் கேட் என்பதால் தெருவில் போகிறவர்களும் வாசிப்பார்கள். வடகம் போடுகிறவர்கள், துணி காயப்போடுகிறவர்கள், தென்காசி பஸ்ஸுக்குக் குடை எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் எல்லோருக்கும் அவள் சொல்தான் கணக்கு. இன்று காலை அவள் எழுதியது: "வானம்: மேற்கே கறுப்பு. மாலையில் கனமழை."

ஊர் வீட்டிலேயே இருந்துவிட்டது. ஒரு சொட்டு விழவில்லை.

விருந்தினர் கார் தெருமுனை திரும்பியதும் ஆசிரியர் அறையில் சண்டை வெடித்தது. வடிவுதான் அந்தப் பள்ளியின் தாளாளர், தலைமை ஆசிரியை எல்லாம். அவள் அப்பா தொடங்கிய பள்ளி.

"வேணும்னே எழுதிருக்கா. எங்கப்பா காலத்துலேருந்து இப்படி ஒரு அசிங்கம் நடந்ததில்ல."

"நான் வானத்தப் பாத்து எழுதுனேன் வடிவு. உன் மூஞ்சியப் பாத்து எழுதல."

"அப்ப நாளைலேருந்து வானத்தையே பாத்துக்கிட்டு வீட்ல இரு. இங்க வராத."

"வரல போ!"

நான் நடுவில் நின்றேன். தராசில் இரண்டு தட்டும் ஆடும்போது முள் என்ன செய்யும்? அதுவும் ஆடத்தான் செய்யும். நான் அதைத்தான் செய்தேன். இரண்டு பேரையும் பார்த்து, "காபி போடட்டுமா?" என்று கேட்டேன்.

நவம்பர் 15

விடியும்போது கொட்டோ கொட்டென்று மழை. ரூபி சொன்ன மழைதான். ஓர் இரவு தாமதித்து வந்திருக்கிறது.

பலகையில் எதுவும் இல்லை.

நவம்பர் 18

எல்லாம் இரண்டு நாளில் ஆறிவிடும் என்று நினைத்தேன். பால் பொங்கினால் அடுப்பை அணைத்தவுடன் கீழே இறங்கிவிடும் அல்லவா? ஆனால் இன்று ரூபி வேலைக்கு வந்தபோது, பெருக்கிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் கேட்டைச் சாத்திவிட்டாள். "தாளாளரம்மா விடக்கூடாதுன்னுட்டாவ டீச்சர், எம்மேல கோவப்படாதிய" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றோடு அழுதாளாம்.

மாலையில் ரூபிக்குப் பதிவுத் தபால் வந்தது. பதினான்காம் தேதி தானாகவே வேலையை விட்டுப் போனதாக எழுதியிருந்தது.

நவம்பர் 20

ரூபி வந்து என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். கல்வி அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதினோம். விசாரணை இல்லாமல், விளக்கம் கேட்காமல் வேலையை விட்டு நீக்கியது செல்லாது என்று. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

"ஏட்டி ஆவுடை, எனக்குச் சம்பளம் ரெண்டாவதுதான். 'தானா போயிட்டா'ன்னு எழுதிருக்கா பாரு, அதான் நெஞ்ச அடைக்குது. மூணாங் கிளாஸ் பிள்ளைய பாதி வாய்ப்பாட்டுல நிக்குது. பாதியில போட்டுட்டுப் போற டீச்சரா நானு?"

"எழுதிட்டேன். 'பாதி வாய்ப்பாட்டில்'னும் எழுதட்டுமா?"

"எழுது. அதிகாரி சிரிக்கட்டும்."

சிரித்தோம். பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோதும் இப்படித்தான் சிரிப்போம். ரூபி, வடிவு, நான். எங்களுக்குப் பலகை எழுத்து சொல்லிக்கொடுத்த அம்மாள் ஒரு பயிற்சி வைப்பார். ஒருத்தி ஒரு வரியைத் தொடங்குவாள். பாதியில் சாக்பீஸை அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். அவள் முடிக்க வேண்டும். அறையின் கடைசியில் நின்று அந்த அம்மாள் பார்ப்பார். எங்கே கை மாறியது என்று கண்டுபிடித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து. வடிவின் கையை எப்போதும் கண்டுபிடித்துவிடுவார், அவள் எழுத்து வலப்பக்கம் சாயும். ரூபி எழுத்தையும் என் எழுத்தையும் கடைசிவரை அவரால் பிரிக்க முடியவில்லை.

போகும்போது ரூபி தன் பழுப்புச் சால்வையை என் தோளில் போட்டாள். "விடியக்காலம் கேட் திறக்கப் போற. பனி எறங்குது. வச்சிக்கோ."

என் வீடு பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டியது. விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு வாரத்தில் சில நாள் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன், சம்பளம் இல்லாமல். பள்ளியின் இன்னொரு சாவி என் சமையலறை ஆணியில் தொங்குகிறது. பேச்சியம்மாள் வருவதற்குள் கேட்டைத் திறந்துவைப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் காலமான பிறகு காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. வடிவு அந்தச் சாவியைக் கொடுத்தாள்.

நவம்பர் 25
வானம்: தெளிவு.

இன்று பள்ளியில் ஒரு விசித்திரம். பலகையில் எழுத்து இருந்தது. தேதி, அதன் கீழே வானம், அதன் கீழே:

"வருகை: ஒருவர் குறைவு."

வடிவு பலகை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முதல் மணிகூட அடிக்கவில்லை. ஒரு பிள்ளையும் வரவில்லை. அப்புறம் எப்படி வருகை?

"ரூபி எழுத்து," என்றாள்.

"அவ எப்படி உள்ள வருவா?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

அவளே அழித்தாள். அழிப்பான் பட்ட இடத்தில் எழுத்து ஈரம் காயாத சுவர் மாதிரி மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

நவம்பர் 29
வானம்: தெளிவு. கிழக்கே சிறு மேகம்.

நான்காவது முறை. அதே வரி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டருகே கூடி நின்று ஒருவரையொருவர் எண்ணிக்கொள்கிறார்கள். குறைந்தது யார் என்று. ஒரு பெண்குழந்தை தன்னை எண்ண மறந்துவிட்டு, ஆள் குறைகிறது என்று அழுதது. கணக்கில் அடிக்கடி நடக்கும் தவறுதான் இது. எண்ணுகிறவள் தன்னை விட்டுவிடுவாள். அவள் விரலைப் பிடித்து அவள் மார்பிலேயே வைத்து, "இங்கருந்து ஆரம்பி" என்றேன்.

மாவு பிசைந்தேன். நகக்கண்ணில் வெள்ளையாக ஏதோ. இன்று எனக்கு வகுப்புகூட இல்லை. ஆனாலும் சாக்பீஸ் போக மாட்டேன் என்கிறது.

டிசம்பர் 3
வானம்: பனி.

ரூபியிடம் கேட்டேன். நேராகத்தான் கேட்டேன்.

"என் பிள்ளைய மேல சத்தியமா நான் அந்தப் பக்கமே போகல. அவ வாசல்ல போயி நிக்கிற அளவுக்கு எனக்கு ரோஷம் இல்லாமப் போச்சா?"

நம்புகிறேன். அப்படியானால் யார்? நமக்குத் தெரியாத ஒன்றுக்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு தெரிந்தவற்றை எழுதிப் பார்க்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். எழுதுகிறவருக்கு ரூபியின் எழுத்து தெரியும். கேட்டைத் திறக்க முடியும். விடியலில் விழித்திருப்பவர். ரூபி இல்லாததை ஒரு குறையாக நினைப்பவர். இத்தனை தெரிந்தும் விடை வரவில்லை. கணக்கை மூடிவைத்துவிட்டுப் புளிக்குழம்பு வைத்தேன்.

டிசம்பர் 9
வானம்: சாம்பல்.

இன்று பலகையில் "வானம்: சாம்பல்" என்று இருந்ததாம். அப்படியொரு சொல்லை வானத்துக்கு யார் போடுவார்கள் என்று வடிவு நடுங்கிப்போய்விட்டாள். அவள் அப்பாவின் திதி அடுத்த வாரம் வருகிறது. "சாம்பலுன்னு எழுதுதாளே, எனக்குச் சாபம் விடுதாளா ஆவுடை?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மழை பெய்து ஓய்ந்த காலையில் வானம் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தேற்றினேன்.

டிசம்பர் 10
வானம்: தெளிவு.

பேச்சியம்மாள் பலகையின் சட்டத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிவிட்டாள். வடிவு அவிழ்க்கச் சொல்லவில்லை.

நான் கேட் பக்கம் நின்றபோது பேச்சி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடிக்கத்தான் என்று வாங்கினேன்.

"கையக் கழுவுங்க டீச்சர்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"எதுக்கு?"

"சும்மா கழுவுங்க."

கழுவினேன். பாவம், இப்போதெல்லாம் அவளுக்கு எல்லாவற்றிலும் தோஷம் தெரிகிறது.

டிசம்பர் 13
வானம்: பனி.

முழங்கால் வலி. எண்ணெய் தேய்த்தேன்.

டிசம்பர் 18
வானம்: பனி. மலை தெரியவில்லை.

வடிவு கேமரா பொருத்திவிட்டாள். இன்று கைப்பேசியில் எனக்குக் காட்டினாள். அவள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

பனி மூட்டத்தில் படம் பால் ஊற்றியது போல இருந்தது. கேட் திறக்கிறது. ஒரு பெண் வருகிறாள். தலையிலிருந்து இடுப்புவரை பழுப்புச் சால்வை. முகம் தெரியவில்லை. அவசரமே இல்லை அவளுக்கு. நடக்கும்போது இடது காலைச் சற்றே இழுக்கிறாள். பலகை முன் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கிறாள். நெடுநேரம் பார்க்கிறாள். பிறகு எழுதுகிறாள். எழுதி முடித்ததும் இரண்டடி பின்னால் வந்து, கடைசி பெஞ்சுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறாள்.

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னேன்.

"சால்வையப் பாத்தியா? ரூபியோடது," என்றாள் வடிவு.

"ரூபி காலை இழுக்க மாட்டாளே. இது யாரோ முழங்கால் வலிக்காரி. பாவம்."

"நடிக்கா. கேட்டத் தொறந்துல்ல வாரா! சாவி எப்படி வந்துச்சு? உன் சாவி பத்திரமா இருக்கா?"

வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். ஆணியில் தொங்குகிறது. எப்போதும் போல.

டிசம்பர் 27
வானம்: தெளிவு.

அரையாண்டு விடுமுறை. பள்ளியில் ஈ காக்கை இல்லை. பேச்சிகூட வருவதில்லை. ஆனாலும் தெருவில் போன பால்காரர் சொன்னார், பலகையில் தேதி மாறிக்கொண்டே இருக்கிறதாம். விடுமுறையிலும்கூட "ஒருவர் குறைவு"தானாம். எல்லோரும் குறைவு என்றல்லவா எழுத வேண்டும்? அந்த எழுதுகிறவளுக்கு மற்றவர்கள் கணக்கிலேயே இல்லை போலிருக்கிறது.

எதையும் நினைக்கப் பிடிக்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து காபி போடும்வரை என்ன செய்தேன் என்று யோசித்தால் வெறுமையாக இருக்கிறது. தினமும் செய்கிற வேலை நினைவில் நிற்காது. பல் தேய்த்ததை யார் நினைவு வைத்திருக்கிறார்கள்?

ஜனவரி 4
வானம்: மேகமூட்டம்.

ரூபி வந்தாள். விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது, இருபத்திரண்டாம் தேதி. வடிவு எனக்கும் சாட்சி அழைப்பு அனுப்பச் சொல்லியிருக்கிறாள். ரூபியும் என்னைத்தான் சாட்சி போட்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் நானே.

"வடிவு அந்த போட்டோ எல்லாத்தையும் குடுத்துருக்கா. நான் கள்ளச்சாவி போட்டு உள்ள வந்து பயங்காட்டுதேனாம். அத அவங்க நம்பிட்டா முடிஞ்சிது ஆவுடை. அத்துமீறி நொழஞ்சவளுக்கு எவன் வேலயத் திருப்பிக் குடுப்பான்? தானா போனவங்கிற பேரோட, திருட்டுத்தனமா வந்தவங்கிற பேரும் சேந்துரும்."

பேசிக்கொண்டே நாற்காலியில் கிடந்த சால்வையை எடுத்து மடித்தாள். மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். சால்வை முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் ரூபி என்னை அப்படிப் பார்த்ததில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல." முனையை நாலைந்து தடவை உதறினாள். வெள்ளையாகத் தூசி பறந்தது. "அழுக்கா இருக்கு. தொவச்சித் தாறேன்."

"கேட் திறக்கப் போகும்போது குளிருமே."

"வேற போத்திக்கோ." வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து என் கன்னத்தைத் தொட்டாள். "ராத்திரி நல்லாத் தூங்குதியா நீ?"

"நல்லாத் தூங்குறேன்."

"சரி. யாரு கேட்டாலும் அந்தச் சால்வை எங்கிட்டதான் இருந்துச்சுன்னு சொல்லு. என்ன?"

ஏன் என்று கேட்பதற்குள் போய்விட்டாள்.

ஜனவரி 12
வானம்: பனி.

பச்சைப் போர்வை குத்துகிறது. சால்வை மாதிரி இல்லை.

ஜனவரி 17
வானம்: தெளிவு.

வடிவு கரும்பு கொடுத்தனுப்பியிருந்தாள். ரூபி வீட்டுக்கும் அனுப்புவாள் வழக்கமாக. இந்தப் பொங்கலுக்கு இல்லை.

ஜனவரி 22
வானம்: தெளிவு.

விசாரணை நடந்தது. நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன், எனக்கு ஒரு இடம் விளங்கவில்லை.

அலுவலகத்தில் பயிற்சிக் கூட்டங்கள் நடக்கும் ஓர் அறை. சுவரில் கரும்பலகை. விசாரணை அதிகாரி இளம் வயது, நல்ல பொறுமை. முதலில் வடிவு பேசினாள். ரூபி தானாகப் போனாள் என்றாள், அதன் பிறகு தினமும் வந்து மிரட்டுகிறாள் என்றாள். படங்களைக் காட்டினாள். வீடியோவையும்.

"இந்தச் சால்வை உங்களோடதா?" என்று அதிகாரி ரூபியைக் கேட்டார்.

"ஆமா சார்."

"இப்ப எங்க இருக்கு?"

"எங்க வீட்ல."

"பாருங்க சார், பாருங்க," என்றாள் வடிவு.

"பலகையில இருக்கது உங்க எழுத்தா?"

ரூபி படத்தைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தாள். "என் எழுத்து மாதிரிதான் இருக்கு."

"மாதிரின்னா? நீங்க எழுதுனதா, இல்லையா? அந்த போர்டுல ஒரு வரி எழுதிக் காட்டுங்க."

"எழுத மாட்டேன் சார்."

"எழுதலன்னா உங்களுக்குத்தாம்மா பாதகம். இதுல நீங்க இல்லன்னு ஆச்சுன்னா உங்க மேல்முறையீடு பலமா நிக்குது. விளக்கம் கேக்காம நீக்குனது தப்புதான். ஆனா இது நீங்கதான்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் சார். எழுத மாட்டேன்."

ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள்? பாதி வாய்ப்பாட்டில் நிற்கிற பிள்ளைகளை மறந்துவிட்டாளா? கையில் இருக்கிற வேலையை ஒருத்தி கண் முன்னால் நழுவ விடுகிறாள், நான் பார்த்துக்கொண்டு இருப்பதா?

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க மூணு பேரும் ஒண்ணாப் படிச்சவங்கன்னு சொல்றாங்க. உங்களுக்கு இவங்க எழுத்து தெரியும். இது இவங்களோடதா?"

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். நான் எழுந்தேன்.

"சார், வாயால சொன்னா விளங்காது. ஓர் உதாரணம் காட்டுறேன். ரூபி 'ரு' போடும்போது கடைசியில ஒரு சின்னச் சுழி வரும், கிட்டப் போயிப் பாத்தாத்தான் தெரியும். அது இந்தப் படத்துல இருக்கான்னு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்க. நான் எழுதிக் காட்டுறேன், சுழி இல்லாம எப்படி இருக்கும்னு."

"ஆவுடை," என்றாள் ரூபி. "வேண்டாம். உக்காரு."

"ஏட்டி, இரு. உனக்காகத்தான."

"ஏட்டி, உக்காருன்னு சொல்லுதேன்லா!" ரூபி எழுந்து என் முந்தானையைப் பிடித்தாள். நான் விடுவித்துக்கொண்டு பலகைக்குப் போனேன்.

சாக்பீஸ் கைக்கு வந்ததும் மனது சமாதானமாகிவிட்டது. எப்போதுமே அப்படித்தான். சன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். எழுதினேன். தேதி. வானம். அதன் கீழே ஒரு வரி. முடித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து, கடைசி பெஞ்சுக்குத் தெரிகிறதா என்று பார்த்தேன். எழுத்து நன்றாக வந்திருந்தது.

"பாத்தீங்களா சார்?" என்று திரும்பினேன்.

யாரும் பலகையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். மேசையில் வடிவின் கைப்பேசியில் அந்தப் பெண் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள், தலையைச் சாய்த்தபடி. ரூபி முகத்தை மூடிக்கொண்டாள். வடிவு மெல்ல என்னிடம் வந்து என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள், குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவது போல.

"ஆவுடை," என்றாள். "தெனமும் விடியக்காலம் நீ எத்தன மணிக்கு எந்திரிக்க?"

அந்தக் கேள்விக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஜனவரி 23
வானம்: மேகமூட்டம்.

நேற்றிரவு ரூபி என் வீட்டில் படுத்துக்கொண்டாள். கதவோரம் பாயைப் போட்டு.

ஜனவரி 28

ரூபிக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது! உத்தரவு வரும்வரைகூட வடிவு காத்திருக்கவில்லை. தானே ரூபி வீட்டுக்குப் போய், "விளக்கம் கேக்காம அனுப்புனது தப்புதான், வந்துரு" என்றாளாம். ரூபி, "மழை ஒரு ராத்திரி பிந்திட்டு, அதுக்கு நான் என்ன செய்ய" என்றாளாம். இரண்டு பேரும் அழுதார்களாம். நான் பாயசம் வைத்தேன். இரண்டு பேரும் வந்து குடித்தார்கள். நான் அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் கூடத்தில் குசுகுசுவென்று பேச்சு. நான் வந்ததும் நின்றுவிடும்.

போகும்போது வடிவு சமையலறைக்கு வந்து ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

"இனி பேச்சியே தொறந்துக்கிடட்டும். நீ நல்லா ஓய்வெடு. அஞ்சாங் கிளாஸ் கணக்குக்கும் வேற ஆளப் பாத்துக்கிடுதேன். ரூபி உன்ன டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவா."

"நான் என்ன தப்பு செஞ்சேன் வடிவு?"

"ஒண்ணும் செய்யல கண்ணு."

பின்னங்களில் பாதிதான் நடத்தி முடித்திருக்கிறேன். விளக்கம் கேட்டிருந்தால் அதைச் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 31

கேட் தானாகத் திறந்துகொள்கிறது. நான் படுத்தே கிடக்கிறேன். கை சுத்தமாக இருக்கிறது. ஆணி மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டு நிற்கிறது.

பிப்ரவரி 2

டாக்டர் நல்ல பையன். தூக்கம் பற்றியே கேட்டார். மாத்திரை கொடுத்தார். விடியலில் நடப்பது உண்டா என்று கேட்டார். கேட் வரைக்கும் நடப்பேன் என்றேன். ரூபி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 5
வானம்: தெளிவு.

சன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் சுவருக்கு மேலே பலகை தெரியும். நல்ல வெயில். முதல் மணி அடித்து, பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வடிவு படியில் நின்றாள். ரூபி பலகைக்கு வந்தாள். தேதியும் வானமும் காலையிலேயே எழுதியிருந்தாள். இப்போது வருகை எழுத வேண்டும்.

"வருகை: ஒருவர்" என்று எழுதினாள்.

நிறுத்திவிட்டாள். சாக்பீஸைப் பலகையின் விளிம்பில் வைத்தாள். திரும்பி என் சன்னலைப் பார்த்தாள். கையசைக்கவில்லை, கூப்பிடவில்லை. போய்க் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். பழுப்புச் சால்வை அவள் கையில் மடிப்பாக இருந்தது.

பேச்சியம்மாள் விளக்குமாற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வடிவு ஒரு படி இறங்கினாள். "ரூபி, என்ன செய்ற?" என்று அவள் கேட்டது சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது.

"வரி பாதியில நிக்குல்லா. அதுக்கு உரியவ வந்து முடிக்கட்டும். எல்லாரும் பாக்க முடிக்கட்டும்."

கீரையை முறத்தில் வைத்துவிட்டுப் போனேன். இடது கால் வலித்தது. காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தேன். பிள்ளைகள் எல்லோரும் அந்தக் காலைத்தான் பார்த்தார்கள். பலகை முன்னால் நின்றபோது, இந்த இடத்தில் எத்தனையோ முறை நின்றிருக்கிறோம் என்று பாதத்துக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. மண்ணில் அந்த இரண்டு பாதத்துக்கு மட்டும் அளவெடுத்தது போல ஒரு பள்ளம்.

சாக்பீஸை எடுத்தேன். ரூபி திரும்பி வந்துவிட்டாள், ஆகவே "கூடுதல்" என்று முடிக்கலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். கை தன் போக்கில் போயிற்று. இரண்டடி பின்னால் வந்து பார்த்தபோது "குறைவு" என்று இருந்தது.

அன்று அழுத பெண்குழந்தை வரிசையில் எண்ணத் தொடங்கினாள், இந்த முறை தன்னிலிருந்தே. எண்ணி முடித்து, "நாங்க எல்லாரும் இருக்கோம் டீச்சர்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து விரலை நீட்டினாள். "நீங்கதான் வரல."

வடிவு படிகளில் இறங்கி வந்தாள். அழிப்பானை எடுத்தாள். பலகையை நெடுநேரம் பார்த்தாள். அழிக்காமல் அதை என் கையில் கொடுத்துவிட்டு, ஐந்தாம் வகுப்புக் கதவைத் திறந்துவிடச் சொல்லிப் பேச்சியிடம் சொன்னாள். ரூபி என் தோளில் சால்வையைப் போட்டாள்.

நான் அழிப்பானோடு நின்றேன். கடைசிச் சொல்லை மட்டும் அழித்தால் போதும். அது எங்கே தொடங்குகிறது என்று தேடினேன். ரூபி நிறுத்திய இடத்தை நான் கண்ணால் பார்த்தவள். ஆனாலும் பலகை முழுக்க ஒரே எழுத்தாக இருந்தது. இன்றைய தேதிகூட அவள் எழுதியதா என்று சந்தேகம் வந்துவிட்டது. எங்கே கை மாறியது என்று எனக்கே தெரியவில்லை.